வாரிசுக்கு வாக்குக் கேட்கும் தலைவர்: தொண்டாமுத்தூரிலிருந்து எழும் ஒரு கேள்வி

கோயம்புத்தூருக்கு மேற்கே, நொய்யல் பாயும் மலையடிவாரத்தில் அமைந்திருக்கிறது தொண்டாமுத்தூர் ஊராட்சி ஒன்றியம். நரசீபுரம், தேவராயபுரம், இக்கரை போளுவாம்பட்டி, மாதம்பட்டி, தீத்திபாளையம் முதலிய ஊராட்சிகள் இதில் அடங்கும். 2019 டிசம்பரில் நடைபெற்ற ஊரக உள்ளாட்சித் தேர்தலில் இங்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிவுற்றது. அதன்பின் நிர்வாகம் தனி அலுவலர்களின் கைக்குச் சென்றது.

ஒரு பதவிக்காலம் முடியும்போதெல்லாம் ஊரில் எழும் முதல் கேள்வி, அடுத்து யார் என்பதே. அதற்கு முதலில் விடை சொல்ல முற்படுபவர் பெரும்பாலும் பதவியில் இருந்தவர். தமக்கு உகந்த ஒருவரைக் கைகாட்டுகிறார். அவருடன் தெருத்தெருவாகச் சென்று வாக்குக் கேட்கிறார். இது முறையா என்பது பொதுவெளியில் அரசியல் நாகரிகம் பற்றிய கேள்வியாகவே பேசப்பட்டு வருகிறது. தோட்டத்துக் கூலியை நம்பி வாழும் தலித் வாக்காளருக்கோ இது கூலி, குடிநீர், வீட்டுமனைப் பட்டா ஆகியவை பற்றிய கேள்வி. இக்கட்டுரையில் நாம் அவருடைய இடத்தில் நின்று இதனை ஆராய்கிறோம்.

'வாரிசு' என்னும் சொல்லை நாம் இங்கு இரத்த உறவு என்னும் குறுகிய பொருளில் ஆளவில்லை. பதவியில் இருப்பவர், தமக்குப் பின் அந்த இடத்தில் அமர வேண்டும் என்று விரும்பி முன்னிறுத்தும் எவரும் வாரிசே. அவர் மகனாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், கட்சித் தொண்டராக இருக்கலாம், தோட்டத்து வேலையாளாகவும் இருக்கலாம். இந்தக் கடைசி வகைதான் தலித் அரசியலுக்கு மிக முக்கியமானது.

சட்டம் அனுமதிப்பதும் தடுப்பதும்

பதவியில் இருப்பவர் இன்னொருவருக்காகப் பரப்புரை செய்வதை இந்தியச் சட்டம் எதுவும் தடுக்கவில்லை. பிரதமரும் முதலமைச்சர்களும் அமைச்சர்களும் தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்கிறார்கள்; அது அவர்களின் பேச்சுரிமைக்குள் அடங்கும். சட்டத்தின் கவனம், அந்தப் பரப்புரையில் எவையெல்லாம் கருவியாகின்றன என்பதில் குவிகிறது.

தேர்தல் நடத்தை விதிகளின்படி அமைச்சர்கள் அலுவல் பயணத்தையும் தேர்தல் பணியையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. அரசு வாகனத்தையும் அரசு ஊழியரையும் அதற்குப் பயன்படுத்தலாகாது. தேர்தல் அறிவிக்கப்பட்டபின் புதிய நிதி ஒதுக்கீடுகளை அறிவிக்கலாகாது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 123-ஆவது பிரிவு முறைகேடான தேர்தல் நடவடிக்கைகளை வரையறுக்கிறது. அதில் 'தகாத செல்வாக்கு' என்பதற்குள், வாக்காளரைச் சமூக விலக்கம் செய்வதாகவோ சாதியிலிருந்து தள்ளி வைப்பதாகவோ மிரட்டுவதும் அடங்கும். ஊர்க்கட்டுப்பாட்டின் வலிமையை இச்சட்டத்தை இயற்றியவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்கு இது சான்று.

தகாத செல்வாக்கு என்பதன் பொருளை விரிவுபடுத்திய ஒரு முக்கியத் தீர்ப்பு கோவை மாவட்டத்து ஊராட்சி ஒன்றிலிருந்தே பிறந்தது. மேட்டுப்பாளையம் வட்டம் தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவர் பதவிக்கு 2006-இல் நடந்த தேர்தல் தொடர்பான வழக்கில், 2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேட்பாளர் தம்மீதுள்ள குற்ற வழக்குகளை மறைப்பது வாக்காளரின் தேர்வுரிமையில் குறுக்கிடுவதாகும், ஆகவே அதுவும் தகாத செல்வாக்கே என்று நீதிமன்றம் கூறியது. மிரட்டல் இல்லாமலேயே வாக்காளரின் சுதந்திரம் பறிபோகலாம் என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவு இன்னும் நுட்பமாகச் செல்கிறது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அச்சட்டம் பின்வருவனவற்றைக் குற்றங்களாக வகைப்படுத்துகிறது: பட்டியல் சாதியினரைக் குறிப்பிட்ட வேட்பாளருக்கு வாக்களிக்கும்படியோ வாக்களிக்காதபடியோ கட்டாயப்படுத்துவது, வேட்புமனு அளிக்க விடாமல் தடுப்பது அல்லது அளித்த மனுவைத் திரும்பப் பெறச் செய்வது, பிறரது மனுவை முன்மொழிய விடாமல் தடுப்பது, ஊராட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ உள்ள பட்டியல் சாதியினரைப் பணி செய்ய விடாமல் மிரட்டுவது, தேர்தலுக்குப் பின் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்புச் செய்வது. களத்தில் பணிபுரியும் தோழர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய பட்டியல் இது.

ஆதரவாக முன்வைக்கப்படும் வாதங்கள்

வாரிசுக்காகப் பரப்புரை செய்வதற்கு ஆதரவான வாதங்களை நாம் நேர்மையாக எடைபோட வேண்டும்.

முதல் வாதம் தொடர்ச்சி. ஒரு தலைவர் தொடங்கிய குடிநீர்த் திட்டமோ பள்ளிக் கட்டடமோ அவரோடு நின்றுவிடக் கூடாது. அதைத் தொடரக்கூடியவர் யார் என்பதை அவரே அறிவார். இரண்டாவது வாதம் பொறுப்பு. தாம் கைகாட்டிய ஒருவர் தவறிழைத்தால் அந்தப் பழி தமக்கும் வரும் என்பதால் தலைவர் கவனத்துடன் தேர்வு செய்வார். மூன்றாவது வாதம் வெளிப்படைத்தன்மை. தலைவருக்கு ஒரு விருப்பம் இருக்கத்தான் செய்யும். அது மறைவில் இருப்பதைவிட மேடையில் வெளிப்படுவது வாக்காளருக்கு நல்லது.

மூன்றாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. முதலிரண்டு வாதங்களையும் தமிழ்நாட்டு வரலாறே சோதித்துப் பார்த்திருக்கிறது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் சிறைக்குச் செல்ல நேர்ந்த வி.கே. சசிகலா, கொங்குப் பகுதியைச் சேர்ந்த எடப்பாடி கே. பழனிசாமி சட்டமன்றக் கட்சித் தலைவராக வர வழி செய்தார். இரு நாள்களில் அவர் முதலமைச்சரானார். அதே ஆண்டு செப்டம்பரில் கூடிய அதிமுக பொதுக்குழு சசிகலாவின் நியமனத்தை நீக்கியது. கைகாட்டியவரின் எண்ணம் ஏழு மாதங்கள்கூட நிலைக்கவில்லை. இத்தனைக்கும் அந்தத் தேர்வில் வாக்காளர்களுக்குப் பங்கு ஏதும் இருக்கவில்லை.

மெக்சிகோவில் 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரே கட்சி ஆண்டது. அங்கு ஒருவர் ஒருமுறைதான் குடியரசுத் தலைவராக இருக்க முடியும். ஆயினும் விடைபெறுபவரே அடுத்தவரைச் சுட்டிக்காட்டுவார். தேர்தல் அதை உறுதி செய்யும் சடங்காகவே நடக்கும். இந்த வழக்கத்துக்கு அந்நாட்டு மக்கள் 'விரல்' என்னும் சொல்லிலிருந்தே பெயரிட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் அக்கட்சி தோற்கும்வரை ஆட்களை மாற்றிக்கொண்டே அதிகாரம் ஒரே இடத்தில் தங்கியது. பதவிக்கால வரம்பு மட்டும் அதிகாரத்தைக் கைமாற்றிவிடாது என்பதற்கு அது பாடம்.

தொண்டாமுத்தூரில் விரலின் எடை

தொண்டாமுத்தூர் சட்டமன்றத் தொகுதியின் அண்மை வரலாறு, இங்கே வேட்பாளரை யார் தீர்மானிக்கிறார் என்பதைக் காட்டுகிறது. 2006-இல் மதிமுகவின் மு. கண்ணப்பன் இங்கு வென்றார். பின்னர் அவர் பதவி விலகி திமுகவில் இணைந்தார். 2009 ஆகஸ்ட் 18 அன்று இடைத்தேர்தல் நடந்தது. அதிமுக அதைப் புறக்கணித்தது. திமுக அணியில் தொகுதி காங்கிரசுக்குப் போய், அக்கட்சி வேட்பாளர் வென்றார். அமைச்சர்கள் தொகுதியிலேயே தங்கி வாக்குச் சேகரிப்பது தமிழ்நாட்டு இடைத்தேர்தல்களில் நிலைபெற்றுவிட்ட வழக்கம். தொகுதி மறுவரையறையில் பேரூர் தொகுதி மறைந்தபின், 2011, 2016, 2021 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களிலும் அதிமுகவின் எஸ்.பி. வேலுமணி இங்கு வென்றார். உள்ளாட்சித் துறை அமைச்சராகவும் இருந்தார். 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் சென்னை உயர் நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டு, 2019 டிசம்பர்வரை ஊராட்சிகள் மக்கள் பிரதிநிதிகள் இன்றிக் கிடந்ததும் இக்காலத்தில்தான்.

சட்டமன்றத் தேர்தலில் கட்சி இருக்கிறது, சின்னம் இருக்கிறது, எதிர்க்கட்சி இருக்கிறது. தலைவரின் விருப்பத்தை எதிர்த்து வாக்களிப்பவர் கூட்டத்தில் ஒருவராக மறைந்துகொள்ள முடியும். ஊராட்சியின் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சி அடிப்படையில் நடைபெறுவதில்லை. வாக்குச்சீட்டில் உள்ள சின்னங்கள் எந்தக் கொள்கையையும் குறிக்கா. எனவே பதவியில் இருந்தவரின் கைகாட்டலே வேட்பாளருக்கு அடையாளமாகிவிடுகிறது. பூட்டும் சாவியும், ஆட்டோ, கத்தரிக்கோல் என்று சின்னம் எதுவாயினும் அது 'பெரியவர் நிறுத்திய ஆள்' என்ற பெயரோடுதான் தெருவுக்குள் நுழைகிறது.

இம்மலையடிவாரத்துப் பொருளாதாரம் பாக்கு, தென்னை, வாழை, மஞ்சள், வெங்காயம், காய்கறி ஆகியவற்றைச் சார்ந்தது. கொங்கு மண்டலத்தில் நிலம் பெரும்பாலும் ஆதிக்கச் சாதியினரிடமும், அந்நிலத்தில் கூலி உழைப்பு பெரும்பாலும் அருந்ததியர் உள்ளிட்ட தலித் மக்களிடமும் இருப்பது புதிய செய்தி அன்று. தோட்டத்து உரிமையாளரே ஊராட்சித் தலைவராகவோ அவருடைய உறவினராகவோ இருக்கும் ஊரில், அவர் வாக்குக் கேட்டு வரும்போது அவரோடு வருபவை பல. நாளைய கூலி வருகிறது. முன்பணக் கடன் வருகிறது. காலனிக்குத் தண்ணீர் திறந்துவிடும் நேரம் வருகிறது. ஊரக வேலைத் திட்டத்தில் யாருக்கு எந்தப் பணி என்ற முடிவும், தொகுப்பு வீட்டுக்கான பயனாளிப் பட்டியலும் வருகின்றன. இவற்றைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை. கும்பிட்டு நின்றாலே போதும்.

சென்னையில் ஒரு தலைவர் வாரிசுக்கு வாக்குக் கேட்பதும், பத்துத் தோட்டங்களை நம்பி வாழும் ஒரு காலனியில் ஊராட்சித் தலைவர் வாக்குக் கேட்பதும் சட்டத்தின் பார்வையில் ஒரே செயல்தான். கேட்பவரின் செவியில் அவை ஒன்றல்ல. முன்னதை மறுத்தால் ஒரு விருப்பத்தை மறுத்ததாகும். பின்னதை மறுத்தால் அடுத்த வாரத்து அடுப்பைப் பணயம் வைத்ததாகும்.

தனித் தொகுதியில் யாருடைய வாரிசு?

1992-இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடஒதுக்கீடு அளித்தது. தலைவர் பதவிகளுக்கும் அது பொருந்தும். ஒதுக்கீடு சுழற்சி முறையில் ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டில் அடுத்தடுத்த இரு தேர்தல்களுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். 2016-இல் பெண்களுக்கான ஒதுக்கீடு 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

சுழற்சியின் விளைவாக, தலைமுறை தலைமுறையாகத் தலைவர் பதவியில் இருந்த ஆதிக்கச் சாதிக் குடும்பம் ஒரு நாள் போட்டியிட முடியாத நிலைக்கு வருகிறது. அதற்கு அது ஆற்றும் எதிர்வினையின் வரலாறே தமிழ்நாட்டுத் தனி ஊராட்சிகளின் வரலாறு.

முதல் எதிர்வினை வன்முறை. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து மேலவளவு ஊராட்சி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலையும் தேர்தல் தடைகளையும் மீறி முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று பேருந்து மறிக்கப்பட்டு அவரும் உடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டனர்.

இரண்டாவது எதிர்வினை, தேர்தலையே வெறுமையாக்குவது. உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை முறையான தலைவர் இல்லை. சில தேர்தல்களில் எவரும் மனு அளிக்கவில்லை. சிலவற்றில் ஊர்ப் பெரியவர்கள் தாங்களே ஒரு தலித்தை நிறுத்தி வெல்ல வைத்து, பதவியேற்றவுடன் விலகல் கடிதம் கொடுக்கச் செய்தார்கள். வாரிசைத் தேர்ந்து அவருக்காக வாக்குத் திரட்டும் பழக்கத்தின் மிகக் கொடிய வடிவம் இதுதான். 2006 அக்டோபரில்தான் அங்கெல்லாம் தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியில் நீடித்தார்கள்.

மூன்றாவது எதிர்வினையே இன்று பரவலானது. செய்தியாக வெளிவராததும் அதுவே. முன்னாள் தலைவர் தமக்கு அடங்கி நடக்கக்கூடிய ஒரு தலித்தை, பெண்ணாக இருந்தால் இன்னும் உகந்தது என்று கருதி, வேட்பாளராக்குகிறார். மனுத்தாக்கல் கட்டணம் முதல் பரப்புரைச் செலவு வரை தாமே ஏற்கிறார். வென்றபின் முத்திரையும் பேரேடும் அவர் வீட்டிலேயே இருக்கின்றன. 'பினாமித் தலைவர்' என்று நாம் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

இந்த ஏற்பாட்டுக்குச் சட்டத்திலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் கையொப்பமும் தேவை. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்பதவிக்கு இடஒதுக்கீடு இல்லை. தனி ஊராட்சியில் தலைவராக முடியாதவர் துணைத் தலைவராகி, தாம் விரும்பாத தலித் தலைவரின் ஒவ்வொரு பணியையும் கையொப்பத்தை நிறுத்தியே முடக்கிவிடலாம். 'தேர்வு செய்த' தலைவர் அமைந்தால் கையொப்பம் தடையின்றி விழும். தன்மானத்தோடு நிற்பவருக்கு அது விழாது. அடுத்த தேர்தலில் 'அவர் எதுவும் செய்யவில்லை' என்று பரப்புரை செய்வதும் எளிதாகிவிடும்.

எதிர்த்து நிற்பவர்களுக்கு நேர்வது என்ன என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவர், கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தரையில் அமர வைக்கப்பட்ட படம் வெளியானது. அதே ஆண்டில் கோவை மாவட்டம் ஜெ. கிருஷ்ணாபுரம் ஊராட்சியின் தலித் பெண் தலைவரும் தம்மைத் தம் இருக்கையில் அமரவிடாமல் சாதியின் பெயரால் மிரட்டுவதாகப் புகார் அளித்தார். 2022 ஆகஸ்டில், விடுதலை நாளன்று தலித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யுமாறு தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. விடுதலை பெற்று 75 ஆண்டுகள் ஆன தருணம் அது.

1932-இல் கிடைத்ததும் இழந்ததும்

பிறர் தேர்ந்தெடுத்துத் தரும் பிரதிநிதி என்னும் சிக்கல் ஊராட்சிகளோடு தொடங்கவில்லை. 1932 ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மாகாணச் சட்டமன்றங்களில் 71 இடங்களைத் தனி வாக்காளர் தொகுதிகளாக அளித்தது. செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தம் அதை 148 இடங்களாக உயர்த்தி, தனி வாக்காளர் தொகுதியை நீக்கியது.

அவ்வொப்பந்தத்தில் அதிகம் பேசப்படாத ஒரு கூறு உண்டு. ஒவ்வொரு தனித் தொகுதியிலும் முதலில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேர் கொண்ட பட்டியலைத் தேர்வார்கள். அந்த நால்வரிலிருந்து ஒருவரைப் பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள். அதாவது, இறுதி வாக்கு எல்லோருக்கும் உரியது; வேட்பாளரை முன்மொழியும் உரிமை தலித்துகளுக்கு உரியது. இந்த முதல்நிலைத் தேர்தல் பத்தாண்டுக் காலத்துக்கானது என்று வரையறுக்கப்பட்டிருந்தது. விடுதலைக்குப் பின் அமைந்த தேர்தல் முறையில் அதற்கு இடமில்லாது போயிற்று. தனித் தொகுதி எஞ்சியது. வேட்பாளரை முன்னிறுத்தும் கை மாறிவிட்டது.

இந்த மாற்றத்தின் விளைவைக் கன்ஷி ராம், பூனா ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டில், 1982-இல் வெளியிட்ட 'சம்ச்சா யுகம்' என்னும் நூலில் ஆராய்ந்தார். பிறரால் நிறுத்தப்படும் தலித் பிரதிநிதி, தம்மை நிறுத்தியவரின் கருவியாகவே இயங்க நேரும் என்பது அவர் வாதத்தின் சாரம். வாக்களிக்கும் நாளுக்கு முன்பே தேர்தல் முடிந்துவிடுகிறது என்பதை அவர் தெளிவாகக் கண்டார்.

நம் வீட்டுக் கணக்கு

ஆதிக்கச் சாதித் தலைவர்களை அளக்கும் கோலால் நம் இயக்கங்களையும் அளக்காவிட்டால் இந்த ஆய்வு நேர்மையற்றதாகிவிடும்.

அதே கன்ஷி ராம் 2001 டிசம்பர் 15 அன்று இலக்னோவில் நடந்த பேரணியில் மாயாவதியைத் தம் வாரிசாக அறிவித்தார். மாயாவதி அதற்கு முன்பே இரண்டு முறை முதலமைச்சராக இருந்தவர். மக்கள் முன் சோதிக்கப்பட்டவர். 2007-இல் அவர் தனிப்பெரும்பான்மையுடன் ஆட்சி அமைத்தது, அந்த அறிவிப்பு வெற்றுரையன்று என்பதைக் காட்டியது. 2023 டிசம்பரில் மாயாவதி தம் தம்பி மகன் ஆகாஷ் ஆனந்தை வாரிசாக அறிவித்தார். 2024 மே மாதத்தில், மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோதே அதைத் திரும்பப் பெற்றார். ஜூனில் மீண்டும் பொறுப்பளித்தார். 2025 மார்ச்சில் கட்சியிலிருந்து நீக்கினார். ஏப்ரலில் திரும்பச் சேர்த்துக்கொண்டார். இத்தனை மாற்றங்களிலும் கட்சித் தொண்டர்களின் வாக்கு எங்கும் கேட்கப்படவில்லை. ஒரே விரல் சுட்டியது, மடங்கியது, மீண்டும் சுட்டியது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு அண்ணல் அம்பேத்கர். அவர் எவரையும் வாரிசாக அறிவிக்கவில்லை. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில், அரசியலில் தனிமனித பக்தி இழிவுக்கும் இறுதியில் சர்வாதிகாரத்துக்கும் இட்டுச் செல்லும் என்று எச்சரித்தவர் அவர். அவர் திட்டமிட்டிருந்த இந்தியக் குடியரசுக் கட்சி, அவர் மறைந்த மறு ஆண்டு, 1957 அக்டோபர் 3 அன்று நாகபுரியில் உருவானது. அதன் முதல் தலைவராகத் தமிழ்நாட்டைச் சேர்ந்த என். சிவராஜ் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் சில ஆண்டுகளிலேயே கட்சி பிளவுபடத் தொடங்கியது. பின்னர் பல துண்டுகளாகச் சிதறியது.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்தால் எளிய விடை கிடைப்பதில்லை. வாரிசைச் சுட்டுவது இயக்கத்தை ஒரு குடும்பத்துக்குள் அடைக்கக்கூடும். சுட்டாமல் விடுவது இயக்கத்தைச் சிதறடிக்கவும் கூடும். இரண்டு இடங்களிலும் இல்லாதிருந்தது, தலைமை எப்படிக் கைமாற வேண்டும் என்பதற்கு உறுப்பினர்கள் அனைவரும் ஏற்றுக்கொண்ட ஒரு நடைமுறை. அந்த நடைமுறை வலுவாக இருந்தால் தலைவரின் விருப்பம் பல குரல்களில் ஒரு குரலாக ஒலிக்கும். நடைமுறை இல்லாத இடத்தில் அதுவே ஆணையாகிவிடும்.

நான்கு கேள்விகள்

எனவே, பதவியில் இருப்பவர் வாரிசுக்காக வாக்குக் கேட்பது சரியா தவறா என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிப்பதைவிட, ஒவ்வொரு நேர்விலும் நான்கு கேள்விகளைக் கேட்பது பயன் தரும்.

ஒன்று: வாக்குக் கேட்பவரின் கையில் வாக்காளரின் வாழ்வாதாரம் இருக்கிறதா? கூலி, கடன், குத்தகை, தண்ணீர், பட்டா, பயனாளிப் பட்டியல் ஆகியவற்றில் ஒன்றேனும் அவர் முடிவில் இருந்தால், அவருடைய பரப்புரையை வெறும் கருத்தாகக் கொள்ள இயலாது.

இரண்டு: அந்தப் பதவி யாருக்காக ஒதுக்கப்பட்டது? பட்டியல் சாதியினருக்கான இடத்தில் வேட்பாளரைத் தேர்பவர் அச்சமூகத்தைச் சேராதவராக இருந்தால், ஒதுக்கீட்டின் நோக்கம் மனுத்தாக்கலுக்கு முன்பே தோற்றுவிடுகிறது.

மூன்று: வேட்பாளர் சொந்தக் குரலில் பேசுகிறாரா? அவருக்குப் பதிலாகப் பிறர் மேடையில் பேசுகிறார்கள் என்றால், வென்றபின்னும் அவர்களே பேசுவார்கள்.

நான்கு: தலைவரின் விருப்பத்துக்கு எதிராக இன்னொருவர் அச்சமின்றி மனு அளிக்க முடிகிறதா? போட்டியின்றித் தேர்வு என்பதை ஊர் ஒற்றுமையின் சின்னமாகக் கொண்டாடும் இடங்களில் இந்தக் கேள்வியைக் கட்டாயம் எழுப்ப வேண்டும். மனுவைத் திரும்பப் பெற்றவர் யார், ஏன் என்று விசாரிக்க வேண்டும்.

முன்னேற்பாடாகச் செய்ய வேண்டியவை

தேர்தல் அறிவிப்புக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையிலான காலம் குறுகியது. அதற்கு முன்பே செய்யக்கூடியவை சில உள்ளன. தம் ஊராட்சியின் ஒதுக்கீட்டு வகை என்ன, அது எத்தனையாவது தேர்தலாகத் தொடர்கிறது என்பதை அரசிதழ் அறிவிப்பிலிருந்து மாணவர்கள் எடுத்து, காலனி மக்களிடம் விளக்கலாம். பூனா ஒப்பந்தத்தில் இடம்பெற்றுப் பின்னர் கைவிடப்பட்ட முதல்நிலைத் தேர்தலை, சட்ட வலிமை இல்லாவிட்டாலும், தனி ஊராட்சிகளில் மக்களே நடத்திப் பார்க்கலாம். காலனிப் பொதுக்கூட்டத்தில், பெண்களும் இளைஞர்களும் கலந்துகொள்ள, மறைமுக வாக்கெடுப்பில் தம் வேட்பாளரைத் தாமே முடிவு செய்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

மிரட்டல் நேர்ந்தால் நாள், இடம், சொன்ன சொல், கேட்ட சாட்சி ஆகிய நான்கையும் அன்றே எழுதி வைக்க வேண்டும். தேர்தல் நடத்தும் அலுவலருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் எழுத்துப்பூர்வமாக அனுப்பி ஒப்புகை பெற வேண்டும். குற்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் வருமானால் காவல்துறையில் அச்சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டே புகார் அளிக்க வேண்டும். தேர்தல் முடிவைத் தகாத செல்வாக்கின் அடிப்படையில் மாவட்ட நீதிமன்றத்தில் எதிர்க்கவும் வழி உண்டு. தேக்கம்பட்டி வழக்கு அந்த வழியில் புறப்பட்டுத்தான் தில்லி வரை சென்றது.

துணைத் தலைவரின் இணைக் கையொப்பம் முடக்கும் கருவியாகப் பயன்படும் ஊராட்சிகளில் மாற்று ஏற்பாடு வேண்டும் என்பதையும், தனி ஊராட்சிகளில் துணைத் தலைவர் பதவி குறித்தும் சட்டத் திருத்தம் வேண்டும் என்பதையும் நாம் கோரிக்கையாக முன்வைக்க வேண்டும்.

யாருடைய பரப்புரையை நாம் கண்டதில்லை?

பதவியில் இருந்தவர்கள் வாரிசுக்காகப் பரப்புரை செய்வதை முற்றாகத் தடை செய்ய வேண்டும் என்று சில நண்பர்கள் கூறுகிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை. காரணம் இதுதான்.

தனி ஊராட்சி ஒன்றில் ஐந்தாண்டுகள் தலைவராக இருந்த ஓர் அருந்ததியப் பெண்ணை எண்ணிப் பார்ப்போம். கையொப்பத்துக்காக அலைந்து, நாற்காலிக்காகப் போராடி, காலனிக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தவர் அவர். சுழற்சியில் அந்த இடம் பொதுவாகிறது. அவர் மீண்டும் நின்றால் வெல்வது அரிது என்று ஊர் அறியும். அவர், தாம் நம்பும் இன்னொருவரை அழைத்துக்கொண்டு, தம் ஐந்தாண்டுப் பணியைச் சொல்லி, ஊர்த் தெருவில் வீடு வீடாக ஏறி வாக்குக் கேட்க முடிகிறதா? எந்தத் திண்ணையில் அவரை உட்காரச் சொல்வார்கள்? ஆதிக்கச் சாதித் தலைவரின் கைகாட்டல் காலனிக்குள் ஆணையாக நுழைகிறது. தலித் தலைவரின் கைகாட்டல் ஊருக்குள் நுழையவே இயலவில்லை. தடை போட்டால், முன்னவர் வாய் திறக்காமலே தம் வேலையை முடித்துக்கொள்வார். இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கும் பின்னவரின் வாய்தான் அடைபடும்.

ஆகவே நம் நிலைப்பாடு இது. வாக்காளரின் வாழ்வைத் தம் கையில் வைத்திருப்பவர், அந்தப் பிடி இருக்கும்வரை வாரிசுக்கு வாக்குக் கேட்கும் தார்மிக உரிமையை இழக்கிறார். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட இடத்துக்குத் தலித் அல்லாதார் வாரிசு தேடுவது ஒதுக்கீட்டைத் திருடுவதாகும். வாக்காளருக்குத் தம் பணிக்கணக்கைத் தவிர வேறெதையும் காட்ட இயலாத தலைவரோ, தம் விருப்பத்தைத் தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். தொண்டாமுத்தூரின் அடுத்த ஊராட்சித் தேர்தலில் அப்படி ஒரு தலித் பெண் ஊர்த் தெருவில் வாக்குக் கேட்டு நடப்பாரானால், உடன் நடக்க மாணவர்களும் தோழர்களும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.